லோடோடு அளந்த கூண்டு

மழைக்காலம் வந்தால் எங்கள் குட்டி யானைக்கு வேலை இருக்காது. வண்டிக்கு வேலை இல்லையென்றால் அதை ஓட்டும் என் வீட்டுக்காரருக்கும் வேலை இல்லை. அவருக்கு வேலை இல்லையென்றால் எனக்கு நிம்மதி இல்லை. காலடிப்பேட்டையில் எங்களுக்கு இருப்பதே ஒன்றரை அறை. அதில் ஒரு ஆள் லுங்கியோடு குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டு, "கொழம்புல புளி ஜாஸ்தி", "மிஷின அந்தாண்ட நவுத்திப் போடு" என்று மேஸ்திரி வேலை பார்த்தால் நான் எங்கே உட்கார்ந்து ஜாக்கெட் தைப்பது?

போன மழையில் பிடித்த சனி அது. ராயபுரத்தில் மொத்த மளிகை வியாபாரம் செய்யும் அண்ணாச்சிக்கு மைதா மூட்டை ஏற்றிப் போனபோது, மேலே கட்டியிருந்த தார்ப்பாய் காற்றில் பிய்த்துக்கொண்டு போய்விட்டது. மைதா போஸ்டர் ஒட்டத்தான் ஆகும் என்கிற கதியில் போய்ச் சேர்ந்தது. அண்ணாச்சி திட்டவில்லை. "இனிமே வர வேண்டாம்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் இவரும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசிவிட்டு மறந்திருப்பார். திட்டாததால் உள்ளுக்குள்ளேயே வைத்துப் புழுங்கினார். அந்தத் தெருப் பக்கம் போவதையே விட்டுவிட்டார்.

அடுத்த மழை தொடங்குவதற்கு முன் நான்தான் போய் நின்றேன். "வண்டிக்குக் கூண்டு கட்டிடறோம் அண்ணாச்சி. ஒரே ஒரு நடை குடுத்துப் பாருங்க" என்றேன்.

"ஒரு நடை தாரேன். ஒரு மூட்டை நனைஞ்சாலும் அதோட சரி, பாத்துக்கிடுங்க" என்றார் அவர்.

கூண்டுக்குச் சட்டம் அடித்தவன் என் தம்பி. துறைமுகத்தில் கப்பல் ரிப்பேருக்குப் போகும் வெல்டர். அவனுக்குச் சின்னதாக எதையும் செய்ய வராது. எங்கள் வீட்டில் துணி காயப்போட அவன் வைத்த கம்பி இருக்கிறது. புயல் அடித்தால் வீடு போகும், கம்பி நிற்கும்.

"இன்னாடா பைப்பு இது, இத்தினி மொத்தம்?" என்று கேட்டேன்.

"நீ சும்மா இரு அக்கா. ஒலகமே அழிஞ்சாலும் இது அப்டியே நிக்கும்" என்றான்.

போர்த்துகிற வேலை என்னுடையது. வெளியே தார்ப்பாய், உள்ளே பழைய பேனர். யாரோ ஒரு குழந்தையின் முதல் பிறந்தநாள் பேனர். கிரீடம் வைத்த அந்தக் குழந்தை உள்பக்கம் பார்த்துச் சிரிக்கிற மாதிரி வைத்துத் தைத்தேன். ஊசி உடையும்போதெல்லாம் வீட்டுக்காரரைத் திட்டினேன். தண்ணீர் கசியாமல் இருக்கத் தையல் முழுக்க மெழுகுவத்தி தேய்த்தேன்.

உயரம் பார்ப்பதில்தான் ஒரு சங்கடம். அண்ணாச்சியின் குடோன் பழைய காலத்துக் கட்டடம். வாசல் தாழ்வான கல் வளைவு. இவர் அண்ணாச்சி முகத்தில் விழிக்கக் கூச்சப்பட்டு, கடை திறக்கும் முன்பே மூங்கில் கழியோடு போய் வளைவின் உயரத்தைக் குறித்துக்கொண்டு வந்தார். வந்தவர், வண்டி நிறைய மணல் மூட்டையை ஏற்றி நிறுத்தினார்.

"இது எதுக்கு மாமா?" என்றான் தம்பி.

"லோடோடதானடா உள்ள போவப்போறோம்? லோட வெச்சே அள மச்சான். ஒரு வரிசை ஜாஸ்தி அடுக்கலாம்."

வளைவுக்கு ஒரு விரல் கம்மியாக வைத்துத் தம்பி பற்றவைத்தான். என்ன மூளை இந்த மனுஷனுக்கு என்று நானும் பூரித்துப்போனேன்!

நடை வந்த அன்று, தையலை நம்பாமல் நானும் டார்ச் லைட்டோடு மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தேன். வானம் கறுத்துக்கிடந்தது. ஆனால் பாழாய்ப்போன மழை ஒரு சொட்டு விழவில்லை. வண்டி வளைவுக்குள் வழுக்கிக்கொண்டு போனது. ஆட்கள் மூட்டைகளை இறக்கி அடுக்கினார்கள். அண்ணாச்சி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"மழையே பெய்யலயே, இதுல என்னத்தப் பாக்க?" என்றார். இவர் தலையைக் குனிந்துகொண்டு வண்டியை எடுத்தார்.

டமார்!

லோடு இறங்கியதும் வண்டி எழும்பிவிட்டது. கூண்டு வளைவில் இடித்து நின்றது. டயரில் காற்றைக் கொஞ்சம் இறக்கிப் பார்த்தோம், அப்போதும் இடித்தது. போன் போட்டதும் ஓடிவந்த தம்பி, "வெட்டித்தான் எடுக்கணும்" என்றான்.

"என் குடோனுக்குள்ள நெருப்பா?" என்று அண்ணாச்சி அலறினார்.

மூட்டையைத் திரும்ப ஏற்றலாம். ஏற்றினால் வெளியே தெருவில் இறக்க வேண்டும், மேலே வானம் காத்துக்கொண்டிருக்கிறது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "தானா ஏறி தானா எறங்குற லோடுதான் வேணும். நின்னுகினு இன்னாய்யா வேடிக்க? ஏறுங்க!" என்று கத்தினேன்.

மூட்டை இறக்கியவர்கள் ஏறினார்கள். தம்பி ஏறினான். மீன் விற்றுவிட்டுக் காலிக் கூடையோடு போன பெண்கள் நாலைந்து பேரையும் ஏற்றினேன். நானும் ஏறினேன். இன்னும் ஒரு நூல் உரசியது. எல்லாரும் அண்ணாச்சியையே பார்த்தார்கள். நல்ல ஆகிருதி அவருக்கு.

"அண்ணாச்சி, தப்பா எடுத்துக்காதீங்க..." என்று இழுத்தேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிட்டார் மனுஷன். வண்டி முனகிக்கொண்டே அமுங்கியது. அப்படியே வளைவைத் தாண்டித் தெருவுக்கு வந்தோம். வந்த நிமிஷம் கொட்டியது பாருங்கள் மழை, அப்படி ஒரு மழை! ஒருவரும் இறங்கவில்லை.

அண்ணாச்சி உள்ளங்கையை நீட்டி வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். ஒரு மீன்காரம்மா பேனர் குழந்தையைக் காட்டி, "யாரு புள்ளம்மா இது? ஷோக்கா கீது" என்றாள். அவர் சிரிக்கவில்லை. என் தையல் ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார். விரல் காய்ந்தே இருந்தது.

என் வீட்டுக்காரர் அண்ணாச்சியை இறக்கிவிட நனைந்துகொண்டே பின்பக்கம் ஓடிவந்தார். இத்தனை மாதம் கழித்து அப்போதுதான் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள்.

"நாளைக்குக் காலைல வாரும்வே" என்றார் அண்ணாச்சி. "இந்த மழை பூரா உம்ம வண்டிதான். லோடு இறக்கினதும் வெளிய போறதுக்கு நானே வந்து உக்காருதேன்."

"சரிங்க அண்ணாச்சி" என்றார் இவர். உடனே இன்னொரு தடவை, "சரிங்க அண்ணாச்சி." ஆளை வீட்டைவிட்டுக் கிளப்பினால் போதும் என்றிருந்த நான், அத்தனை பேருக்கு நடுவில் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

"யோவ், நனைஞ்சது போதும், போய் வண்டிய எடு" என்றாள் மீன்காரம்மா. "எங்கள வூட்டாண்ட வுட்டுட்டுப் போ."