கேன்டீன் வழியாக வந்தவர்கள்

எழுதிப் பழக்கமில்லாதவன் நான். பத்தாவதோடு படிப்பு முடிந்தது. நாலு பேர் நடுவில் பேசவே கூச்சப்படுகிற ஆள், பத்திரிகைக்கு எழுதத் துணிந்ததைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-ஆம் வருடம், மழைக்காலம். ஓசூரில் ஒரு தொழிற்சாலையின் மெயின் கேட்டில் நான் செக்யூரிட்டி. என் மனைவிக்கு அதே கம்பெனி கேன்டீனில் வேலை. நாலு வருடம் முன்பு அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்து, ஆபரேஷன் முடிந்து, தினமும் ஹார்மோனைத் தடுக்கிற ஒரு மாத்திரை சாப்பிட்டு வந்தாள். நன்றாகத்தான் இருந்தாள். திடீரென்று அக்குளில் ஒரு கட்டி. சோதித்ததில் அதே நோய்தான்.

அவள் உடைந்துபோனது நோயால்கூட இல்லை. உத்தனப்பள்ளியில் தம்பி கல்யாணத்தின்போது இரண்டு மூன்று நாள் மாத்திரையை மறந்துவிட்டாளாம். "அதான் திரும்பி வந்துடுச்சி. நானே இழுத்து விட்டுக்கிட்டேன்" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தாள். பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில், அத்திப்பள்ளி தாண்டும்போது, "வேற மாத்திரை குடுத்தா வேணாம்னு சொல்லிடுங்க. இத்தன வருசம் முழுங்கினதே வீணாப் போச்சி" என்றாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டரம்மா கன்னடக்காரர். தமிழ் கலந்து பேசுவார். இவள் அழுதுகொண்டே கல்யாணக் கதையைச் சொன்னதும், "நோடம்மா, இங்க பாருங்க, மூணு நாள் விட்டதுக்கு இது வராது. உங்க தப்பே இல்ல" என்றார். "உடம்புல இருக்கிற ஹார்மோன்தான் அந்தக் கட்டிக்குச் சாப்பாடு. செல்லுக்குள்ள அது போக ஒரு கேட் இருக்கு. மாத்திரை அந்த கேட்டுல உக்காந்து தடுக்கும். இவ்ளோ நாள் நல்லாதான் காவல் காத்துச்சு. ஆனா சில செல்லு கில்லாடி. நாளாக நாளாக வேற வழி கத்துக்கும்."

அவள் அழுகையை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இவரு கதை மாதிரியா மேடம்?"

"என்னம்மா?"

"இவரு மெயின் கேட்டுல வெறப்பா நிப்பாரு. எட்டு மணி தாண்டினா ஒருத்தரையும் விடமாட்டாரு. லேட்டா வர்றவன்லாம் பின்னாடி காய்கறி வண்டி வர்ற வழியா எங்க கேன்டீனுக்குள்ள பூந்து, ஒரு டீயும் குடிச்சிட்டு வேலைக்குப் போய்டுவானுங்க. வருசக்கணக்கா நடக்குது. இவருக்கு இன்னிக்கி வரைக்கும் தெரியாது!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் கேட்டை ஏமாற்றி ஒருவனும் உள்ளே போனதில்லை என்று சூப்பர்வைசரிடம் எத்தனை முறை பெருமை பேசியிருக்கிறேன்! டாக்டரம்மா மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

"அதேதான் அம்மா! செக்யூரிட்டி மேல தப்பில்ல. இந்தப் புது மாத்திரை கேட்டுல நிக்காது. அந்தச் சாப்பாடு தயாராகறதையே குறைச்சிடும்."

"அப்டின்னா கேன்டீனையே மூடிடறீங்க!"

"ஆமா, மூடிடறேன்."

பலன் போகப் போகத்தான் தெரியும் என்றும், இதற்கும் கட்டி பழகிவிட்டால் அடுத்த மருந்து பார்க்கலாம் என்றும் ஒளிக்காமல் சொன்னார். நான் வாய் திறக்கும் முன்பே மருந்துச் சீட்டுக்கு இவள் கை நீட்டிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில், "யார் யாரு அப்படி வந்தாங்க, சொல்லு" என்றேன்.

"அதெல்லாம் சொல்லமாட்டேன்" என்றவள், கொஞ்ச நேரம் கழித்து என் காதருகே வந்து, "உங்க சூப்பர்வைசரே ரெண்டு தடவ வந்திருக்காரு" என்றாள். பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்க்கிற அளவுக்கு இருவரும் சிரித்தோம். அவள் அப்படிச் சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது.

சில மாதங்களில் கட்டி சுருங்கியது. இன்றும் அதே மாத்திரைதான். ஒரு வியாதி திரும்பி வந்தால் யார் தவறு என்று தேடுகிற பழக்கம் அன்றோடு எங்கள் வீட்டை விட்டுப் போனது. மாத்திரையைவிட அதுவே அவளை அதிகம் தேற்றியது என்று எனக்குத் தோன்றும்.

டாக்டரம்மாவைப் பார்த்துவிட்டு வந்த மறுநாள் காலை அவள் புது மாத்திரையை விழுங்கிவிட்டு கேன்டீனுக்குப் போனாள். நான் மெயின் கேட்டில் நின்றேன். எட்டு மணிக்கு மேல் என் கேட்டுக்கு யாரும் வரவில்லை.