அருவிக்கு ஜாமீன் நிற்கிறவன்

குற்றாலத்தில் லாட்ஜ் மேனேஜர் வேலை என்பது, சுருக்கமாகச் சொன்னால், அருவிக்கு ஜாமீன் நிற்கிற வேலை. தண்ணீர் விழாவிட்டாலும் நான்தான் பதில் சொல்லவேண்டும், அதிகமாக விழுந்தாலும் நான்தான். குரங்கு, கரண்ட், மேகம் எல்லாவற்றுக்கும் பொறுப்பு ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கிற ஆள். பேங்க், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட் விசாரணை என்று எங்கேயாவது கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து பிழைக்கிறவர்களாக இருந்தால் உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். போன சீசனில் ஒரு கஸ்டமரோடு நான் போட்ட சத்தம் இன்டர்நெட் வரைக்கும் போய்விட்டது. "ரூம் சுமார். மேனேஜர் கடுவன் பூனை" என்று எழுதி ஒற்றை ஸ்டார் போட்டுவிட்டார் அந்த மனுஷன். முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதை நிதானமாகப் படித்தார். "இந்த சீசன்ல இன்னொரு சத்தம் கேட்டுச்சுன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிடுதேன் வே" என்றார். மகள் திருநெல்வேலியில் நர்சிங் படிக்கிறாள். ஐம்பது தாண்டிய பிறகு தென்காசியில் யார் கடை வாசலில் போய் வேலை கேட்டு நிற்பது? பயந்துபோய்விட்டேன். அந்த நேரத்தில்தான் என் கையில் ஒரு புத்தகம் சிக்கியது.

பதினாலாம் நம்பர் ரூமில் கிடைத்த ஞானம்

கோயம்புத்தூர்க்காரர் ஒருவர் ரூமைக் காலி செய்துவிட்டுப் போனபின் தலையணைக்கு அடியில் அது கிடந்தது. ஸ்டோயிக் என்று பழைய கிரேக்க நாட்டில் ஒரு ஞானிகள் கூட்டம் இருந்ததாம். அவர்கள் சொன்னதை எளிய தமிழில் எழுதியிருந்தார்கள். நம் கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று பிரித்துக்கொள், கையில் இல்லாததுக்காக ரத்தத்தைக் கொதிக்க விடாதே. மொத்தப் புத்தகமும் இவ்வளவுதான். எனக்கென்றே எழுதியதுபோல் இருந்தது.

இருந்தாலும் அடுத்தவர் பொருள் அல்லவா, போன் போட்டேன். "நீங்களே வெச்சுக்கோங்க சார். அதைப் படிச்சதுக்கப்புறம் எதைத் தொலைச்சாலும் எனக்குக் கவலையே வர்றதில்லைங்க" என்றார். கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது. பத்து நிமிஷம் கழித்து அவரே திரும்பக் கூப்பிட்டார். குரல் நடுங்கியது.

"சார், கட்டிலுக்குப் பக்கத்துல என்ற போன் சார்ஜர் இருக்குதான்னு உடனே பாருங்க சார், உசுரே போயிருச்சுங்க!"

ஆர்ச்சுக்கு மேலே

சீசனில் எங்களுக்கு வருகிற போனில் வணக்கம் கிடையாது. எடுத்ததும் "தண்ணி விழுதா?" தான். மதுரையிலிருந்து ஒருவர் இப்படிக் கேட்டபோது புத்தகத்தை நினைத்துக்கொண்டு, தெரிந்ததை மட்டும் சொன்னேன். "இப்ப நல்லா விழுது சார். சாரலும் இருக்கு. நாளைக்கு எப்படின்னு மலைக்குத்தான் தெரியும்." அவர் குடும்பத்தோடு வேன் பிடித்து வந்து இறங்கினார். அன்று ராத்திரி மலையில் கொட்டிய மழையில் மெயின் அருவி, முன்னால் கட்டியிருக்கிற பாதுகாப்பு வளைவான ஆர்ச்சுக்கு மேலே தாவி விழுந்தது. குளிக்கத் தடை. குழந்தைகள் துண்டைத் தோளில் போட்டபடி ரிசப்ஷனில் வரிசையாக உட்கார்ந்துவிட்டன.

பழைய ஆளாக இருந்தால் அவர் வாயைத் திறக்குமுன் நான் சண்டைக்குப் போயிருப்பேன். இப்போது டீ வாங்கிக் கொடுத்தேன். வெள்ளமும் தடையும் நம் கையில் இல்லை, டீ இருக்கிறது என்றேன். மனுஷன் டீயைக் குடித்து முடித்தார், என் பக்கமாகக் குனிந்தார்.

"அதெல்லாம் சரிண்ணே, மேனேஜர்னா உங்களுக்கு உள்ளுக்குள்ள ஆள் இருக்கும்ல? கொஞ்சம் பேசி, தண்ணியைக் குறைச்சு விடச் சொல்லுங்க."

பச்சைத் தண்ணீர்

அவ்வப்போது வேண்டுமென்றே குளிரையும் பசியையும் பழகிக்கொள்ளச் சொல்கிறது புத்தகம். ஐந்தருவியில் காலையிலிருந்து மத்தியானம் வரை நின்று, உதடு நீலம் பாரித்து வந்த ஒருவர், பாத்ரூமில் வெந்நீர் சூடாக வரவில்லை என்று சட்டை போடாமலே கீழே இறங்கி வந்து குதித்தார். நான் சிரித்த முகத்தோடு, "பச்சைத் தண்ணில குளிச்சா மனசு உறுதியாகும்னு பெரியவங்க சொல்லிருக்காங்க சார். நீங்க இப்பத்தானே அதுல அவ்வளவு நேரம் நின்னீங்க?" என்றேன். என்னைப் பார்த்த பார்வையில் பரிதாபம்தான் அதிகம்.

"அது அருவி சார். இது வாடகை."

காலைப் பயிற்சி

நாள் தொடங்குமுன் இன்றைக்கு என்னென்ன கெட்டது நடக்கலாம் என்று மனதுக்குள் ஓட்டிப் பார்க்க வேண்டுமாம். நடக்கும்போது அதிர்ச்சி இருக்காதாம். நான் மனதுக்குள் நினைத்தாலே வாய் தானாக அசைகிற ஆள். ஒரு வாரமாகக் காலையில் சாமி படத்துக்கு விளக்கேற்றி ஊதுபத்தி கொளுத்திவிட்டு, அங்கேயே நின்று, "மோட்டார் புகையும். குரங்கு உள்ளே புகுந்துரும். மேல் மாடியில ஒருத்தர் வழுக்கி விழுவாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

எங்கள் லாட்ஜில் ரூம் சுத்தம் செய்கிறவள் செண்பகம். ஆய்க்குடியிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். அவள் துடைப்பத்தோடு எனக்குப் பின்னால் நின்றிருக்கிறாள், எனக்குத் தெரியாது. அந்த வாரம் மோட்டார் புகைந்ததும் குரங்கு ஒரு புதுமாப்பிள்ளையின் சிப்ஸ் பாக்கெட்டையும் கூலிங்கிளாஸையும் தூக்கிப்போனதும் உண்மைதான். நான் சொல்லித்தான் நடந்தது என்று அவள் பிடித்துக்கொண்டதும், கிரேக்க ஞானத்தை அவளுக்கு விளக்க ஆரம்பித்தேன். துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டாள்.

"காலங்காத்தால விளக்குக்கு முன்னால நின்னு பேசுத பேச்சா அண்ணாச்சி இது? மொதல்ல வாயைக் கழுவுங்க, நீங்க சொன்னதுல இன்னும் வழுக்கி விழுததுதான் பாக்கி!"

அன்றைக்கு மாடிப்படி முழுக்க அவளே கோணிச்சாக்கை விரித்துப் போட்டாள். ஒருவரும் விழவில்லை.

மோதிரம்

சீசன் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. முதலாளி ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சத்தமில்லாமல் சீசனை ஓட்டிவிட்டேன் என்று எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை. அப்போது எண்ணெய் மசாஜ் வாசனையோடு ஒரு சென்னைக்காரர் வேகமாகப் படியிறங்கி வந்தார். மோதிரத்தைக் காணவில்லை. "நாங்க அருவிக்குப் போயிருந்தப்ப ரூமுக்குள்ள போனது யாரு?" என்றார். செண்பகம் வேலை முடிந்து வயர் கூடையோடு பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். "இவதானே? கூடையைக் கொட்டிக் காட்டச் சொல்லுங்க!"

சுற்றி நின்ற கூட்டம் வேடிக்கை பார்த்தது. செண்பகம் கூடையைத் தரையில் வைத்து, தூக்குவாளியை எடுத்து வெளியே வைத்தாள். எத்தனையோ பேர் விட்டுவிட்டுப் போன கம்மலையும் செயினையும் என்னிடம் கொண்டுவந்து கொடுத்த கை அது. புத்தகம் சொன்னபடி, கையில் இருப்பது எது, இல்லாதது எது என்று நான் மனதுக்குள் அவசரமாகப் பிரித்துப் பார்த்தேன். அவர் சந்தேகம் என் கையில் இல்லை. மோதிரம் என் கையில் இல்லை. சத்தம் போட்டால் என் வேலையும் என் கையில் இல்லை. வாய் மட்டும் இருந்தது.

"செண்பகம், கூடைல கையை வைக்காத!" நான் போட்ட சத்தத்தில் எதிர்க் கடையில் சிப்ஸ் பொரிக்கிறவர் எட்டிப் பார்த்தார். "போலீஸைக் கூப்பிடுதேன் சார். அவங்க வந்து என் மேஜையைப் பாக்கட்டும், உங்க பெட்டியைப் பாக்கட்டும். நீங்க சொல்லி இந்தப் பொம்பளை கூடையைக் கொட்ட மாட்டா!" அவரும் கத்தினார், நான் அதைவிடக் கத்தினேன். "இங்க ஓனர் யாருய்யா?" என்றார். முதலாளி பேப்பரை மடித்து மடியில் வைத்தார். தலை நிமிரவில்லை. என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அருவியில் பெண்கள் பக்கம் கூட்டம் அதிகம் என்பதால் அவர் மனைவி அப்போதுதான் ஈரத்தலையோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைக் கேட்டதும் பர்ஸைத் திறந்தார். "மசாஜுக்கு உக்காரும்போது நீங்கதானே கழட்டிக் குடுத்தீங்க?" அந்த மனுஷர் மோதிரத்தை வாங்கிக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார். அந்த அம்மாள் போகவில்லை. செண்பகத்தின் கையைப் பிடித்துக்கொண்டு "மன்னிச்சிடும்மா, மன்னிச்சிடும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அதுவரை அடக்கியிருந்த செண்பகம் அப்போதுதான் அழுதாள். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கூட்டம் கலைந்ததும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். கவுண்டர் சாவியைக் கையிலேயே எடுத்துக்கொண்டு போய் நின்றேன்.

"சத்தம் கேட்டா வேற ஆளைப் பாப்பேன்னு சொன்னேன்லா?"

"ஆமா மொதலாளி."

"சாவியை வச்சுக்கிடும். அது நான் போட்டிருக்க வேண்டிய சத்தம் வே. முட்டு வலி, எந்திரிக்கதுக்குள்ள நீரு முந்திக்கிட்டீரு."

அந்தக் கிரேக்கர்கள் பெரிய ஞானிகள்தான், நான் மறுக்கவில்லை, ஆனால் அவர்களில் ஒருவர்கூட சீசன் ஞாயிற்றுக்கிழமையில் குற்றாலத்து லாட்ஜ் ரிசப்ஷனில் உட்கார்ந்து பார்த்ததில்லை என்பதையும் சொல்லித்தானே ஆகவேண்டும்.