டொக்டரம்மாவின் பேரைச் சொன்னவர்கள்

வெள்ளவத்தையில் கடைச் சட்டரைப் பாதி தூக்கியிருந்தேன், சட்டைப் பையில் போன் அடித்தது. டொக்டரம்மாவின் மகள். "முத்து அங்கிள், அம்மா விடியப்புறம் போயிட்டா" என்றார். மீதிச் சட்டரைத் தூக்கக் கை வரவில்லை. குனிந்து உள்ளே போய் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பொரளை மயானத்தில் எல்லாம் முடிந்த பிறகு அதே பிள்ளை வந்து, "நினைவு மலருக்கு நீங்களும் எழுதவேணும். புரொபெசர்மார் ஆராய்ச்சியைப் பற்றி எழுதுவினம். நீங்கள் அம்மாவைப் பற்றி எழுதுங்கோ" என்றார். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்புவரை மழைக்கு ஒதுங்கியவன். பிழைகளுக்கு அந்தப் பிள்ளையே பொறுப்பு.

டொக்டர் புவனேஸ்வரி வாய்ப் புற்றுநோயை ஆராய்ந்தவர் என்பது உங்களுக்குத் தெரியும். வெற்றிலையும் புகையிலையும் போடும் தோட்டத்துப் பெண்களின் வாய்க்குள் என்ன நடக்கிறது என்பதையே வாழ்நாளெல்லாம் பார்த்தார், எழுதினார். சண்டைக் காலத்தில் வெளிநாட்டிலிருந்து அவருக்கு வரும் பேக்ஸ் எல்லாம் போனும் பேக்ஸும் வைத்திருந்த என் கொமியுனிகேஷன் கடைக்குத்தான் வரும். "ஊரே வாயை மூடிக்கிட்டு இருக்கிற நேரத்துல எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்ற ஒரே ஆள் நீங்கதான் டொக்டரம்மா" என்பேன். "உன்னை மூடச் சொல்லத்தான் முத்து ஆளில்லை" என்பார்.

ஒரு நாள் பின்னேரம். அன்று காலைதான் பக்கத்து ஒழுங்கையில் ஆமியின் சுற்றிவளைப்பு நடந்திருந்தது. வந்த பேக்ஸை வாசித்த டொக்டரம்மா, அங்கேயே கணவருக்குப் போன் எடுத்தார். லைன் சரியில்லை. கத்தினார்: "என்ர பேரைச் சொல்லியிருக்கிறாங்கள்! ஓம், கனபேர் சொல்லியிருக்கிறாங்கள்!"

வரிசையில் நின்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அடுத்த நிமிடம் கடையில் ஒரு ஈ, காக்கை இல்லை. அந்தக் காலத்தில் யாராவது நம் பேரைச் சொல்லிவிட்டால் அடுத்து வருவது ஜீப்தான். நான் பதறிப்போய், "டொக்டரம்மா, பின்பக்கத்தால போங்க. ரயில் பாதையைப் பிடிச்சு நடந்தா தெஹிவளை. அங்க என் மச்சான் இருக்கான்" என்றேன்.

அவர் ஒரு கணம் விழித்தார். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணீர் வரச் சிரித்தார். "முத்து, இது வேற பேர் சொல்லுறது. நான் கண்டதை வச்சு இன்னொருத்தர் மேற்கொண்டு ஒண்டைக் கண்டா, முதல் கண்டது இன்னார் எண்டு தன்ர கட்டுரையில எழுதவேணும். எழுதாட்டிக் களவு."

"காட்டிக் குடுத்ததுக்குச் சந்தோஷப்படுற ஆளை இப்பதான் பார்க்கிறேன்" என்றேன்.

தோட்டந் தோட்டமாக டொக்டர்மாரை அனுப்பி எல்லாருடைய வாயையும் பார்க்க வேண்டும் என்பது அவர் ஆசை. அதற்குக் காசு தர வந்த வெளிநாட்டுக்காரர்கள், இந்த அம்மாவின் பேரை எத்தனை கட்டுரைகளில் சொல்லியிருக்கிறார்கள் என்று கணக்குப் பார்த்தார்கள். கொஞ்சம்தான் வந்தது. வராதா பின்னே? கலியாணத்துக்கு முன் எழுதியவற்றில் பேரோடு அப்பாவின் பேர், பின்னால் எழுதியவற்றில் கணவரின் பேர். சில பத்திரிகைகள் தலைகீழாகத் திருப்பி, அப்பாவின் பேரை இவர் பேராக்கி, புவனேஸ்வரியை ஒற்றை எழுத்தும் புள்ளியுமாகச் சுருக்கிவிட்டன. கணக்கில் அவர் மூன்று ஆள். திட்டம் கைநழுவிப் போகிற நிலை.

கூட வேலை செய்த ஒருவர், இனியாவது வெள்ளைக்காரன் வாயில் நுழைகிற மாதிரிச் சின்னப் பேராக வைத்துக்கொள்ளச் சொன்னாராம். "அந்தப் பொம்பிளையள் வாயைத் திறந்தது புவனேஸ்வரிக்கு, முத்து. வேற ஒருத்தியின்ர பேரில எழுதினா அவையளுக்கு என்ன மரியாதை?" என்றார் டொக்டரம்மா. அன்றைக்கு நான் கேலி செய்யாமல் பேக்ஸ் மெஷினில் புதுக் கடதாசிச் சுருளைப் போட்டேன்.

மூவரும் நானே என்று பத்திரிகை பத்திரிகையாக எழுதத் தொடங்கினார். பேக்ஸ் அனுப்பக் கடதாசிக் கட்டோடு வந்தவரைச் சந்தியில் ஓர் ஆமிக்காரப் பையன் மறித்தான். அடையாள அட்டையில் ஒரு பேர், கடதாசியில் வேறு பேர்கள். நான் ஓடிப்போய், என் ஓட்டைச் சிங்களத்தில், "மாத்தயா, இந்த மூன்று நோனாவும் ஒரே நோனாதான்" என்றேன். அவன் மற்ற இரண்டு அம்மாமாரையும் எட்டி எட்டித் தேடினான். டொக்டரம்மா கைலேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். அதைப் பார்த்து அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது, போகச் சொன்னான்.

அவனுக்கு விளங்கியது வெளிநாட்டுக் கணக்குக்காரர்களுக்கு விளங்க மாதக்கணக்கில் ஆனது. ஆனாலும் அவர் விடவில்லை. கடைசியில் மூன்று பேரின் கணக்கையும் கூட்டி ஒருவருக்கே போட்டார்கள். திட்டம் வந்தது.

முதல் பயணத்திலேயே ஹட்டன் பக்கத்துத் தோட்டத்தில் என் அக்காவும் வாயைத் திறந்தாள். கன்னத்துக்குள் வெள்ளைப் படை. நேரத்தோடு கண்டதால் வெட்டி எடுத்துவிட்டார்கள். இன்றைக்கும் போனில் என்னைத் திட்டுகிறாள், ஒவ்வொரு சொல்லும் தெளிவாகவே விழுகிறது.

டொக்டரம்மாவிடமிருந்து நான் எடுத்து வைத்திருப்பது ஒரு பழக்கம். வெற்றிலைச் சிவப்போடு யார் கடைக்கு வந்தாலும், "வாய்க்குள்ள வெள்ளையா ஏதும் ஆறாமக் கிடந்தா ஆஸ்பத்திரில காட்டிடுங்க" என்பேன். "நீ என்ன டொக்டரா?" என்பார்கள். "நான் இல்ல, இது டொக்டர் க. புவனேஸ்வரி சொன்னது" என்பேன். முன்னெழுத்தைக்கூட விடமாட்டேன்.

போன கிழமை ஒரு மரக்கறிக்காரரிடம் அப்படித்தான் சொன்னேன். இன்று காலை கூடையோடு வாசலில் நின்று கூப்பிட்டார்: "அண்ணே, வீட்டுலயும் சொல்லிட்டேன், அந்தப் புவனேஸ்வரி டொக்டர் சொன்னாங்கன்னு."