நீள்வட்டத்துக்கு நான் வெட்டிய வாய்க்கால்

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பிறகு மீன்பிடிப் படகு, மேசன் வேலை, கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவது என்று ஊர் ஊராகத் திரிந்தேன். வேலை கிடைக்காத ஒரு மாதம் களுவாஞ்சிக்குடியில் அக்கா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அக்கா விஞ்ஞான ஆசிரியை. கண்காட்சிக்கென்று ஒரு படத்தை அச்சடித்து வந்து, "இதைப் பலகையில பெரிசாக் கீறித் தா" என்றாள்.

கறுப்பின் நடுவே மங்கிய மஞ்சள் முட்டை. கீழே 'நீள்வட்ட விண்மீன் மண்டலம்' என்றிருந்தது.

"நீள் வட்டையா? எத்தின ஏக்கர் வயல் அக்கா?"

"வயல் வட்டை இல்லடா, வட்டம். அதுக்குள்ள கோடிக்கணக்கில நட்சத்திரம். எல்லாம் கிழடு, அதான் மஞ்சள். புதுசு பிறக்க வாயு வேணும். அது அங்க தீந்துபோச்சு."

"தண்ணி வராத வட்டை எண்டு சொல்லு."

"ஓம், அப்பிடித்தான். இருக்கிறபடி கீறு."

இருக்கிறபடிதான் கீறினேன். காய்ந்ததும் பார்த்தால் சுவரில் எண்ணெய்த் தலை பட்ட கறை போல இருந்தது. என் கையைத்தான் பழிப்பார்கள் என்று பட்டது. வாய்க்கால் இல்லாமல் ஒரு வட்டையா? மிச்சமிருந்த நீலப் பெயின்டால் இரண்டு பக்கமும் கைகள் போலச் சுருண்டோடும் வாய்க்கால்களை இழுத்தேன். அழகாக வந்தது. கண்காட்சியன்று காலை துணியால் சுற்றி ஆட்டோவில் கொண்டுபோய் நானே மாட்டினேன். அக்காவுக்குப் பார்க்க நேரமிருக்கவில்லை.

கல்வித் திணைக்கள மேலதிகாரி ஒருவர் வந்தார். விளக்கம் சொன்ன மாணவி மனப்பாடமாக ஒப்பித்தாள்: "இதற்குச் சுருள் கைகள் இல்லை. நீல நிற இளம் நட்சத்திரங்கள் மிகக் குறைவு." அவள் பிடித்த கோல் நீலக் கையின் மேல் நின்றது.

அதிகாரி சிரித்தார். "இல்லை எண்டு சொல்லுறதெல்லாம் படத்தில இருக்கே ரீச்சர். இதை ஆர் பாத்துக் கீறினது?"

அக்கா படத்தைப் பார்த்தாள். கதவடியில் நின்ற என்னையும் பார்த்தாள். "என்ர பிழைதான் சேர். நான் கவனிக்கேல்ல."

அதிகாரி ஏதோ எழுதிக்கொண்டார். என் நகங்களில் நீலம் இருந்தது. கையைக் காற்சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். நான்தான் கீறினேன் என்று சொல்ல நாலடி நடந்தால் போதும். நடக்கவில்லை.

மத்தியானம் அக்கா மீன் தலையை எனக்கே வைத்தாள். "உன்ர கை நல்ல கைதான்டா" என்றாள். மீன் தலையைத் தொடாமல் எழுந்தேன்.

கண்காட்சி மறுநாளும் இருந்தது. அன்று பின்னேரமே போய் நீலத்தின் மேல் கறுப்பைப் பூசினேன். அதிகாரி போய்விட்டிருந்தார். விடிய, ஓட்டமாவடியில் கடை எழுத வேலை இருக்கிறதென்று பொய் சொல்லி பஸ் ஏறினேன். படம் சரியாகிவிட்டது. அதிகாரி எழுதிக்கொண்டது அக்காவின் பெயரில்தான் இருக்கிறது.