ஜமால் பாய் கேட்ட அளவு

கடந்த வெள்ளிக்கிழமை காலை, பாலிடெக்னிக்கில் அளவியல் வகுப்பை நடத்தி முடித்து வெளியே வந்தபோது தொலைபேசி ஒலித்தது. பாலக்கரையில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் அந்தோணி. "சார், பாய் போயிட்டாருங்க. ஜும்ஆவுக்கப்புறம் அடக்கமாம்." ஜமால் பாயின் மகன் ரியாஸ் எனக்குத் தகவல் சொல்லவில்லை. அது மறதியால் அல்ல. பாயை அறிந்த உங்கள் முன் அதன் காரணத்தை எழுதாமல் இந்த அஞ்சலியை முடிப்பது முறையாகாது.

உங்களில் பலருக்கு அவர் 'துப்பாக்கி பாய்'. துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் பெற்று, பாலக்கரையில் ஒரு லேத்தும் ஒரு மேசையுமாகக் கடை நடத்தினார். காட்டுப்பன்றியிடமிருந்து பயிரைக் காக்க உரிமத்துடன் நாட்டுத் துப்பாக்கி வைத்திருக்கும் விவசாயிகள்தாம் அவரிடம் வருவார்கள். துருப்பிடித்த குழலைக் கடைந்து சுத்தம் செய்தால் அது சற்று அகன்றுவிடும். பழைய அச்சில் வார்த்த ஈயக் குண்டு அதற்குள் ஆடும். எனவே அச்சின் குழியையும் பெருக்க வேண்டும். பாய் முதலில் உருண்டை முனைக் கருவியால் கடைவார். பின்பு அதே அச்சில் ஒரு குண்டை வார்த்து, அதன்மேல் சாணைப்பொடி பூசி, அச்சுக்குள்ளேயே மெல்லச் சுழலவிடுவார். அச்சில் பிறந்த குண்டே அச்சைத் தேய்த்து வழுவழுப்பாக்கும்.

உரிமப் புத்தகத்தைப் பார்க்காமல் எந்த அச்சையும் அவர் தொட்டதில்லை. துறையூரிலிருந்து வந்த ஒருவர் ஒருமுறை, "பத்து வருஷமா வர்றேன், என்னைத் தெரியாதா பாய்?" என்று குரலை உயர்த்தினார். "உங்களை நல்லாத் தெரியுங்க. உங்க புஸ்தகத்தைத்தான் இன்னிக்குப் பாக்கல" என்றார் பாய். அந்த மனிதர் முணுமுணுத்தபடியே பஸ் ஏறிப் போய் எடுத்து வந்தார். வந்தவருக்கு முதலில் டீ, பிறகுதான் அச்சு.

எங்கள் பழக்கம் பதினொரு ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. குண்டின் விட்டத்தை அளக்கும் தம்முடைய மைக்ரோமீட்டரை எங்கள் ஆய்வகத்தில் சரிபார்க்க வந்திருந்தார். "இது பொய் சொல்லுதான்னு பாக்கணுங்க" என்றார். யாரும் கட்டாயப்படுத்தாமல் அப்படி வந்த ஒரே பட்டறைக்காரர் அவர். அதன்பின் சனிக்கிழமைதோறும் நான் ஸ்ரீரங்கத்திலிருந்து அவர் கடைக்குப் போகலானேன். வார்த்து ஆறிய குண்டை இருவரும் தனித்தனியே அளந்து, தனித்தனிச் சீட்டில் எழுதி, ஒரே சமயத்தில் திருப்பி வைப்போம். இரண்டு எண்களும் ஒத்துப்போனால்தான் அச்சு மறுபடி லேத்தில் ஏறும். "என்ன சட்டப் புஸ்தகம், எழுதியாச்சா?" என்று, விதி பிசகாத என்னைச் சீண்டுவார்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவருடைய எண்கள் என் எண்களிலிருந்து விலகத் தொடங்கின. மைக்ரோமீட்டரை ஜன்னல் பக்கம் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். கண்ணில் புரை என்பது எனக்குப் புரிந்தது. சொல்ல நா எழவில்லை. எண்ணை முணுமுணுத்துக்கொண்டே எழுதுவது அவர் வழக்கம். அதைக் கேட்டு நானும் அதே எண்ணை எழுதிவைத்தேன். மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு சனிக்கிழமை, லால்குடி விவசாயி ஒருவரின் குண்டை அளந்தபோது, அவர் அரை மில்லிமீட்டர்க் கோட்டையே பார்க்கத் தவறி, குண்டை அரை மில்லி சிறிதாகக் கணக்கிட்டார். அன்றும் அவர் சொன்னதையே எழுதினேன். திங்களன்று வந்து பக்குவமாகச் சொல்லிவிடலாம் என்பது என் திட்டம். பாய் ஞாயிறன்றே அந்த அளவை நம்பி அச்சைக் கூடுதலாகக் கடைந்து முடித்துவிட்டார்.

"குண்டு குழல் வாயிலயே நின்னுடுச்சுங்க பாய். எங்கப்பா வச்சிருந்த அச்சுங்க அது" என்று அந்த விவசாயி வந்து நின்றார். பாய் இரண்டு சீட்டுகளையும் எடுத்து என் முன் வைத்தார். "நீங்க அரை மில்லி தப்பா அளக்குற ஆள் இல்ல. அப்ப இது என்னங்க சார்?" நான் நடந்ததைச் சொன்னேன். பாய் இரண்டு சீட்டுகளையும் மடித்து மேசையில் வைத்தார். "என் கண்ணு போச்சுன்னு சொல்லியிருந்தா ஒரு நாள் அழுதிருப்பேன். இப்ப அந்த மனுஷன் அச்சைக் கெடுத்துட்டேனே. இனிமே எங்கிட்ட உள்ளதைச் சொல்லுங்க. எதுவா இருந்தாலும்." கண் அறுவை செய்துகொண்டு, பார்வை திரும்பியதும் முதல் வேலையாக அந்த விவசாயிக்குப் புது அச்சு செய்து தாமே கொண்டுபோய்க் கொடுத்தார்.

இந்த ஆண்டு வயிற்றில் நோய் கண்டது. கே.கே. நகரில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். துபாயிலிருந்து வந்திருந்த ரியாஸ், மருத்துவர் சொன்னதை வராந்தாவில் என்னிடம் சொல்லிவிட்டு, "அத்தாகிட்ட அல்சர்னுதான் சொல்லியிருக்கோம் அங்கிள். நீங்களும் அப்படியே சொல்லிடுங்க" என்று கேட்டுக்கொண்டார். சரி என்றேன். உள்ளே போனதும் பாய், மகனை மாத்திரை வாங்க அனுப்பினார். "எவ்வளவு நாளுங்க சார்? கடையில மூணு துப்பாக்கி, மூணு அச்சு கிடக்கு. அவங்கவங்க கையில நான்தான் குடுக்கணும்." மருத்துவர் மாதக் கணக்கில் பேசவில்லை, வாரக் கணக்கில்தான் பேசினார் என்று சொன்னேன்.

மறுவாரம் பிடிவாதமாக வீடு திரும்பினார். நான்கு நாள் கடையில் உட்கார்ந்து, உரிமப் புத்தகங்களைச் சரிபார்த்து, மூன்றையும் ஒப்படைத்தார். அதன்பின் படுக்கையை விட்டு எழவில்லை. "நீங்க சொன்ன அன்னிக்கே அவர் பாதி போயிட்டாரு அங்கிள்" என்றார், நான் சொன்னதைப் பின்னர் தெரிந்துகொண்ட ரியாஸ். அப்படி இல்லை என்று மறுக்க என்னிடம் ஆதாரம் எதுவும் இல்லை. கொடுத்த வாக்கை மீறியவன் நான். கபர்ஸ்தானில் கடைசி வரிசையில் நின்றேன். என்னைப் பார்த்ததும் ரியாஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவர் கோபத்தில் எனக்குக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

அன்று மருத்துவமனையில் நான் சொல்லி முடித்ததும் பாய் கண்களை மூடிக்கொண்டார். பிறகு கையை நீட்டி என் மணிக்கட்டைப் பிடித்தார். "நின்னுட்டே சொல்லிட்டீங்களே. உக்காருங்க சார்" என்றார். நான் உட்கார்ந்தேன். ரியாஸ் மாத்திரைகளோடு கதவைத் திறக்கும்வரை அவர் பிடியை விடவில்லை. நான் செய்தது சரியா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அந்தப் பிடி மட்டுமே என்னிடம் இருக்கிறது.