ஆளில்லாத கரை

அந்தமானில் கடிகாரம் நாகர்கோவில் நேரத்தைத்தான் காட்டும். சூரியன் அதை மதிப்பதில்லை. ஊரில் ஆட்கள் புரண்டு படுக்கிற ஐந்து மணிக்கு இங்கே வெயில் மூஞ்சியில் அடிக்கும். சாயங்காலம் பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து காப்பி குடிக்கிற நேரத்தில் இங்கே படகு அணையும் ஜெட்டியில் விளக்கு எரியத் தொடங்கிவிடும். ஹேவ்லாக் தீவுக்கு வந்த புதிதில், அந்தி வெளிச்சத்தில் படம் பிடிக்கலாமென்று ஊர்க் கணக்கில் நிதானமாகக் குளித்து, தலைசீவி, ஆறு மணிக்குக் கடற்கரைக்குப் போனேன். கடலின் சத்தம் மட்டும் கேட்டது. கேமராவைத் தோளில் மாட்டிக்கொண்டு, போன் டார்ச்சில் வழி பார்த்துத் திரும்பினேன். இன்றுவரை உடம்புக்குள் ஓடுகிற கடிகாரம் மாறவில்லை. எதற்கோ பிந்திவிட்டோம் என்ற பதற்றத்தோடு விழிக்கிறேன், அதே பதற்றத்தோடு படுக்கிறேன்.

நான் குளச்சலுக்குப் பக்கத்துக் கடற்கரைக்காரி. கல்யாண ஸ்டுடியோவில் படம் பிடித்துப் பழகியவள். என் கணவர் ஆன்றோ படகு எஞ்சின் ரிப்பேர் பார்ப்பவர். அவருடைய உறவுக்காரர் ஒருவர் போர்ட் பிளேர் பக்கம் புரோத்ராபூரில் வீடு பார்த்துத் தந்ததால் கல்யாணமான கையோடு கப்பலேறினோம். போர்ட் பிளேரில் ஒரு பட்டறையில் அவருக்கு வேலை அமைந்தது. எனக்குக் கிடைத்ததோ ஹேவ்லாக்கில், ஒரு ரிசார்ட்டில் படமெடுக்கிற வேலை. நடுவில் கடல். வாரக் கடைசியில் போட் ஓடினால் சேர்ந்திருப்போம், காற்றடித்துப் போட் ரத்தானால் போனில் குடும்பம் நடத்துவோம். ரிசார்ட் மேனேஜர் பிஸ்வாஸ் முதலிலேயே தெளிவாகச் சொல்லிவிட்டார். வரவேற்பறைச் சுவருக்கும் இணையதளத்துக்கும் ஏற்ற ஒரு படம் நான் எடுத்துக் கொடுத்தால் வேலை நிரந்தரம். நிரந்தர ஊழியருக்கு வீடு உண்டு, ஆன்றோவையும் ரிசார்ட் படகுகளுக்கு எடுத்துக்கொள்வார். இல்லாவிட்டால் சீசன் முடிந்ததும் நான் மூட்டை கட்ட வேண்டியதுதான். நானும் என் கணவரும் ஒரே கூரையின்கீழ் இருப்பது ஒரு படத்தைப் பொறுத்து இருந்தது.

கல்யாணப் படம் எடுப்பவளுக்கு வெளிப்புறப் படம் வராது என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பேன். ஆனால் அதுதான் உண்மை. ஸ்டுடியோவில் வெளிச்சம் நான் சொன்னபடி கேட்கும், ஆட்களும் கேட்பார்கள். இங்கே மேகம் ஒதுங்க நான்தான் காத்திருக்க வேண்டும். கடல் ஏறுகிற வேலியேற்றமும் வற்றுகிற வேலியிறக்கமும் பார்த்துப் போக வேண்டும். நின்ற உயரத்திலிருந்தே எடுத்துப் பழகியவள், மணலில் குப்புறப் படுத்து, விழுந்து கிடக்கும் மரத்தின் வேரை முன்னால் வைத்துக் கடலைப் பின்னால் தள்ளக் கற்றேன். தொடுவானம் சாயாமல் பிடிக்கவே ஒரு மாதம் ஆனது. எல்லாம் வந்தது, ஒன்றைத் தவிர. எந்தப் படத்திலும் நட்ட நடுவில் ஒரு மனிதரைக் கொண்டுவந்து நிறுத்திவிடுவேன். யாரோ ஒரு வலைக்காரர், தேங்காய் பொறுக்கும் ஒரு பெண், குறைந்தபட்சம் ஒரு டூரிஸ்ட். ஆள் இல்லாமல் கடலை எடுத்தால் எதையோ எடுக்க மறந்துவிட்ட மாதிரி கை அரிக்கும்.

பிஸ்வாஸ் ஒவ்வொரு படத்தையும் பார்த்து உதட்டைப் பிதுக்குவார்.

“யே ஷாதி கா ஃபோட்டோ ஹை க்யா, ஷைனி? காலி பீச் சாஹியே. ஆத்மி ஹடாவ்.”

இது என்ன கல்யாணப் படமா, எனக்கு வெறும் கடற்கரை வேண்டும், ஆளை எடு என்கிறார். இங்கே வருகிறவர்கள், தாங்கள்தான் முதன்முதலில் காலெடுத்து வைக்கிறோம் என்று நினைக்க ஆசைப்படுகிறார்களாம். அவருடைய தாத்தா காலத்திலிருந்து இந்தத் தீவில் குடியிருக்கிற மனிதர்தான் இதைச் சொல்கிறார். ஆன்றோவிடம் போனில் புலம்பினேன். அவருக்குச் சிரிப்பு.

“கடலுகிட்டயும் போய் ‘தாடையைத் தூக்குங்க, லேசா சிரிங்க’ன்னு சொல்லியிருப்ப. அது ஓடிப்போயிருக்கும்.”

காலாபத்தர் கடற்கரை கிழக்கே பார்த்தது. விடிகிற நேரத்துக்கு அதைத் தேர்ந்தெடுத்தேன். முதல் நாள் எல்லாம் சரியாக அமைந்தது. தண்ணீர் கண்ணாடி மாதிரி கிடந்தது, கருப்புப் பாறைகளின் விளிம்பில் மஞ்சள் வெளிச்சம். சரியாக அந்தச் சமயம் பார்த்து ஒரு டிங்கி, சின்ன எஞ்சின் படகு, உள்ளே நுழைந்தது. விலகிப் போங்கள் என்று கையை வீசிக் காட்டினேன். டிங்கிக்காரர் அதை அழைப்பாக எடுத்துக்கொண்டார். நேராகக் கரைக்கு விட்டு, எஞ்சினை அணைத்து, “க்யா ஹுவா தீதி? ஜெட்டி ஜானா ஹை?” என்றார். ஜெட்டிக்குப் போக வேண்டாம், நீங்கள் போனால் போதும் என்று எந்த இந்தியில் மரியாதையாகச் சொல்வது? “ஃபோட்டோ” என்று மட்டும் சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, டிங்கியின் முனையில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவை நேருக்கு நேர் பார்த்தார். எங்கள் ஊர் மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவர்கூட இத்தனை அழகாக உட்கார்ந்ததில்லை. எடுத்தேன். அதற்குள் வெயில் வெளுத்துவிட்டது. அந்தப் படத்தைப் பிஸ்வாஸிடம் காட்டவேயில்லை.

அடுத்தடுத்த நாட்களில் காத்திருக்கப் பழகினேன். ஆட்கள் வரும் நேரம், போகும் நேரம், யார் எந்தப் பக்கம் வலை உலர்த்துகிறார்கள் என்பதெல்லாம் மனப்பாடமானது. அவர்களைத் தெரிந்துகொண்டதே அவர்களை விலக்கத்தான் என்று நினைக்க எனக்கே ஒரு மாதிரி இருந்தது. ஒரு நாள் கிடைத்தது. தடமில்லாத மணல், அசையாத நீர், இளவெயில், ஒரு ஈ காக்கை இல்லை. பிஸ்வாஸ் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கைகுலுக்கினார். வீடு கிடைத்துவிட்டது என்று அந்தக் கைகுலுக்கலிலேயே தெரிந்தது. சந்தோஷம் தாங்காமல் அதே படத்தை, வேறொரு வார்த்தையும் எழுதாமல், அம்மாவுக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அனுப்பிய கொஞ்ச நேரத்தில் நெட்வொர்க் போய்விட்டது. ஹேவ்லாக்கில் அது புதிதல்ல என்பதால் நானும் கவலைப்படவில்லை.

எங்கள் கரையை அறியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குமரிக் கடற்கரையில் விடியற்காலைதான் சந்தை நேரம். வள்ளங்கள் கரை அடையும், மீன் ஏலம் போகும், கூடைக்காரிகள் சண்டை போடுவார்கள், நாய்கள் காலுக்குள் ஓடும். அந்த நேரத்தில் கரையில் ஆளில்லை என்றால் ஒரே அர்த்தம்தான். கடலில் யாரோ போய்விட்டார்கள். ஊரில் சாவு விழுந்தால் ஒரு வள்ளமும் இறங்காது. என் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாமல் போனபோது எனக்கு விவரம் தெரியாத வயது. அம்மாவுக்கு அந்தக் கரை நன்றாகத் தெரியும். மகள் ஒரு வார்த்தையும் இல்லாமல் வெறும் கரையை அனுப்புகிறாள், கூப்பிட்டால் எடுக்கவில்லை. மருமகனுக்கு அடித்தால் அவரும் எடுக்கவில்லை. ஆன்றோ அன்றைக்கு ரிப்பேர் பார்த்த எஞ்சினைச் சோதிக்கப் படகில் கடலுக்குள் போயிருந்தார்.

சாயங்காலம் சிக்னல் வந்தபோது போன் அதிர்ந்துகொண்டே இருந்தது. அம்மாவை அழைத்தேன். பின்னணியில் பெண்கள் செபமாலை சொல்லும் சத்தம். துக்க வீட்டில் போல, என் அம்மா வீட்டில்.

“மக்கா, மாப்பிள எங்க? அவருட்ட போனக் குடு.”

“அவரு போர்ட் பிளேர்ல இருக்காரும்மா. நான் இங்க ஹேவ்லாக்ல. என்னாச்சு?”

“அப்பம் கரையில ஏன் ஒருத்தரும் இல்ல? வெயிலு ஏறியாச்சே. ஒரு வள்ளம் இல்ல, வலை இல்ல. என்னத்த மறைக்க?”

“ஒண்ணும் மறைக்கலம்மா. அழகுக்காக ஆளில்லாம எடுத்தது. அந்தப் படத்துக்குத்தான் வேலை நிரந்தரமாயிருக்கு.”



“ஒங்கப்பா போன அன்னைக்கிக் கரை இப்பிடித்தான் மக்கா கெடந்துது. அதப் போயா அழகுன்னு சொல்லுத?”

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. பாராட்டு எதிர்பார்த்துப் போன இடத்தில் ஒப்பாரி. பிறகு ஆன்றோ பேசி, அவர் குரலைக் கேட்டு அம்மா ஓய்ந்தாள். செபமாலைக்கு வந்த பெண்கள் காப்பி குடித்துவிட்டுக் கலைந்தார்களாம். நான்தான் ஓயவில்லை. அறைக்கும் வாசலுக்கும் நடந்தேன். அத்தனை நாள் கை அரித்தது எதனால் என்று அப்போதுதான் விளங்கியது. ஸ்டுடியோவில் படித்தது என்று நான் நினைத்திருந்தது, அப்பா போன அன்று அம்மா இடுப்பில் உட்கார்ந்து பார்த்தது. கரையில் ஓர் ஆளாவது நிற்க வேண்டும்.

இப்போது வீடு வந்துவிட்டது. ஆன்றோவும் வந்துவிட்டார். அந்தப் படம் வரவேற்பறைச் சுவரில் பெரிதாக மாட்டியிருக்கிறது. விருந்தினர்கள் அதன் முன்னால் நின்று செல்பி எடுத்துக்கொள்கிறார்கள். நான் அந்தச் சுவரைப் பார்க்காமல் பக்கவாட்டில் நடக்கப் பழகிவிட்டேன். புதுப் படங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், எல்லாமே ஆளில்லாமல். நானும் எடுத்துக் கொடுக்கிறேன், ஒவ்வொன்றும் முந்தையதைவிட நன்றாகவே வருகிறது. அதே இடத்தில் அம்மாவுக்கும் ஒன்று எடுக்கிறேன். கேமராவில் டைமரை வைத்துவிட்டு ஓடிப்போய், நட்ட நடுவில், தோள் நிமிர்த்தி நிற்கிறேன். இதற்கு ஒரு வரிசை உண்டு. முதலில் ரிசார்ட் படம், பிறகுதான் என் படம். நான் ஒரு முறை நடந்துவிட்டால் மணல் கெட்டுவிடும்.

போன வாரம் மேகம் சட்டென்று விலகி வெளிச்சம் இறங்கிய அவசரத்தில் வரிசை மாறிவிட்டது. முதலில் நான் போய் நின்றுவிட்டேன். அடுத்து எடுத்த படத்தில் வெளிச்சம் பிரமாதமாக விழுந்திருந்தது, நடுவில் என் காலடிகளும் விழுந்திருந்தன. பிஸ்வாஸ் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “யே கிஸ்கே பைர் ஹை? மிட்டா தோ” என்றார். யாருடைய கால் இது, அழித்துவிடு என்கிறார். அழிக்கச் சொன்னதை மட்டும் செய்ய உட்கார்ந்தேன். அம்மாவுக்கு அவளுடைய படத்தை அனுப்பிவிட்டு, கணினியில் பக்கத்து மணலை எடுத்து எடுத்து என் காலடிகளின்மேல் ஒட்டிக்கொண்டிருந்தேன். பாதி வேலையில் வாட்ஸப்பில் அம்மாவின் குரல் பதிவு வந்தது.

“படம் நல்லா இருக்கு மக்கா. வெறுங்காலோடயா நிக்க? சிப்பி கெடக்கும், காலைக் கிழிச்சிரும். பாத்து நட.”

இரண்டாம் முறையும் போட்டுக் கேட்டேன். பிறகு அடுத்த காலடியை அழித்தேன்.