உப்பில்லாத நோன்புத் தட்டு

போன வருஷம் ரமலான் மாதம். கொச்சி மட்டாஞ்சேரியில் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள் உள்ள சந்து எங்களுடையது. மிளகுக் கிடங்கில் மூட்டை எடை போடும் என் கணவருக்கு, நோன்புக்குக் கொஞ்சம் முன்னால்தான் மாரடைப்பு வந்து ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். உப்பைக் குறைக்கணும், எண்ணெய்ப் பலகாரம் கூடாது, இந்த வருஷம் நோன்பும் வேண்டாம் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நோன்பு வேண்டாம் என்றதில்தான் மனிதர் உடைந்து போனார்.

எங்கள் சந்தில் ஒரு வழக்கம். பொழுது சாய்ந்ததும் சொல்லும் மக்ரிப் பாங்குக்கு முன்னால், நோன்பு திறக்க ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அக்கம்பக்கத்துக்குத் தட்டு போகும். வந்த தட்டைத் திருப்பி அனுப்பினால் முகத்தில் அடித்த மாதிரி. சமோசா, இறைச்சிப் பத்திரி, நெய்யில் பொரித்த வாழைப்பழ உன்னக்காய் என்று வந்து குவியும். நான் மூடி மூடி ஒளித்து வைப்பேன். நான் தொழுகிற நேரம் பார்த்து இவர் தேடி எடுத்துத் தின்றுவிடுவார். கையும் களவுமாகப் பிடித்தால், "நோன்புதான் இல்ல, திறக்கிறதாவது எல்லாரையும் போலத் திறக்கேனே புள்ள" என்பார். அந்த முகத்தைப் பார்த்தபிறகு எப்படிப் பிடுங்குவது, சொல்லுங்கள்!

ஒரு சாயங்காலம் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது. படுக்கவும் முடியவில்லை. ஆட்டோவில் என்னோடு ஏறி வந்தவர் பக்கத்து வீட்டு இத்தா. மலையாளத்துக்காரர், எனக்குக் கூடப்பிறந்த அக்கா மாதிரி. "படச்சோனே, நான் கொடுத்து விட்டதைத் தின்னுதானே!" என்று வழியெல்லாம் அழுதார். நாளுக்கு நாள் சேர்ந்த உப்புதான் உடம்பில் நீரைக் கோத்து, ஏற்கெனவே தளர்ந்த இதயத்தைத் திணறடித்துவிட்டது என்றார் டாக்டர். அல்லாஹ் காப்பாற்றினான்.

வீடு திரும்பிய அன்று மாலை பாங்கு சொன்னார்கள். ஒரு தட்டும் வரவில்லை. அப்பாடா என்றுதானே எனக்கு இருக்க வேண்டும்? இவரோ கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். "நம்மளக் கழிச்சுட்டாங்களா புள்ள?" என்று கேட்டார். எனக்கு அழுகையை அடக்க முடியவில்லை.

மறுநாள் இத்தாவிடம் சண்டைக்கே போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேடியா இருக்கு மோளே. என் கையால உன் ஆளுக்கு ஒண்ணும் ஆயிடக் கூடாதுல்ல? எல்லா வீட்டுலயும் அதே பயம்தான்" என்றார்.

"அனுப்பாம இருந்தா அந்த ஏக்கத்துலயே போயிடுவாரு இத்தா! எண்ணெய்ச் சட்டியில முங்காதது, உப்பு போடாதது எதையாவது அனுப்புங்க" என்று கத்திவிட்டு வந்தேன்.

அன்று மாலை தட்டுகள் வந்தன. தர்பூசணி, ராகிப் புட்டு, உப்பில்லாமல் வேகவைத்த பாசிப்பயறு. எதிர்வீட்டுப் புதுப்பெண் அவித்த முட்டையில் மஞ்சள் கருவைத் தோண்டி எடுத்துவிட்டு, வெள்ளையை மட்டும் அனுப்பியிருந்தாள். "எங்க வீட்டுலயும் இன்னைக்கு இதே பயறுதான்" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனார் இத்தா. இவர் ஒரு வாய் போட்டுவிட்டு, "ஒரு ருசியும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தார். தட்டைக் காலி செய்தார்.

இப்போதெல்லாம் யார் வீட்டிலாவது நெஞ்சுநோய் என்று தெரிந்தால், அவருக்கு எது ஆகும் என்று கேட்டுவிட்டுத்தான் தட்டு வைக்கிறேன். தட்டு வைக்காமல் மட்டும் இருப்பதில்லை.